ஓசைக்கும் இஸ்னாது உண்டு

நம் குடும்பங்களில் அண்மைக் காலமாக ஒரு வழக்கு நடந்து வருகிறது. மன்றம் ஏறாத வழக்குத்தான். ஆயினும் திண்ணைக்குத் திண்ணை அது வாதிக்கப்படுகிறது. பிழைப்புக்காக அன்றி ஆர்வம் ஒன்றே காரணமாக, ஓய்வு நேரத்தில் கைப்பேசியையும் பழைய கீபோர்டையும் கணினியையும் வைத்துக்கொண்டு, பல திசை ஓசைகளைப் பிடித்துவந்து சேர்த்தும் பிரித்தும் புதிய ஒலிக்கோவைகளை ஆக்கிப் பார்க்கும் பிள்ளைகளை என் செய்வது என்பதே அவ்வழக்கு.

இதில் இரு கட்சியார் உளர். ஒரு கட்சியார், “இது கலப்படம், ஒரு மரபையும் முறையாகக் கல்லாதவன் எல்லா மரபையும் கெடுக்கும் வேலை” என்கின்றனர். மற்றொரு கட்சியார் பெரும்பாலும் இளைஞர்கள். அவர்கள், “இது முன்னெவரும் செய்யாத புதுமை, எங்கள் மனத்திலிருந்து தானாகப் பிறந்தது, இதற்கு எவரிடமும் கணக்குக் காட்ட வேண்டியதில்லை” என்கின்றனர். நாம் இவ்விரு கட்சியையும் மறுக்கிறோம். முதற் கட்சியை மறுப்பது எளிது. இரண்டாம் கட்சியை மறுப்பதே இன்று அவசியமாகிறது.

இடையில் ஒன்றைத் தெளிவாக்கிவிடுவோம். இசை ஆகுமா ஆகாதா என்னும் பழைய வழக்கைத் தீர்க்க நாம் இங்கே புகவில்லை. அதற்கென இப்னு அபித்துன்யா தனி நூல் எழுதிக் கண்டித்தார். இமாம் கஸ்ஸாலி இஹ்யாவில் ‘ஸமாஉ’ பற்றித் தனிப் பகுதியே வகுத்து, எங்கே ஆகும், எங்கே ஆகாது, ஏன் என்று நிறுத்து நிறுத்து ஆராய்ந்தார். இரு திறத்தாரும் நூல் கொண்டு வாதித்தனர். ஒரு குடும்பம் தன் மார்க்க அறிஞரிடம் கேட்டுத் தன் எல்லையை வகுத்துக்கொள்ளட்டும். நாம் பேச வருவது வேறு. கேட்ட ஓசைகள் ஒருவனுக்குள் எவ்வாறு புகுந்து புதிய ஓசையாக வெளிவருகின்றன, அவ்வாறு வருவதற்கு அவன் யாருக்குக் கடன்பட்டவன் என்பதே நம் பொருள்.

வேலூரிலிருந்து போளூர் செல்லும் சாலையில் ஜவ்வாது மலையின் அடிவாரத்தில் சந்தவாசல் இருக்கிறது. படவேட்டுக்குச் செல்வோர் இவ்வூரில் திரும்புவர். ஆடி மாதத்தில் ரேணுகாம்பாள் கோயிலுக்குச் செல்லும் கூட்டத்தோடு பம்பையும் உடுக்கையும் இச்சாலையிலேயே நடந்து போகும். அறுவடை முடிந்தபின் இரவு முழுதும் தெருக்கூத்து. அதில் ஆர்மோனியமும் முகவீணையும் மத்தளமும். ரமளானில் ஸஹர் நேரத்தில் எழுப்பிச் செல்லும் பக்கீரின் தாயிராவும் பாட்டும். திருமண வீட்டில் நாகூர் ஹனீபா. தேநீர்க் கடையில் இளையராஜா. வேலூர்ப் பக்கத்து உறவினர் வந்தால் உர்தூ கவ்வாலியும் சேர்ந்துகொள்ளும். மலையிலிருந்து இறங்கி வருவோர் பேச்சிலேயே ஓர் இழுப்பு உண்டு, அதுவும் ஓசைதான். இத்தனையும் ஒரே காதில் விழும் ஊரில் பிறந்த பிள்ளை ‘ஒரே மரபில்’ கேட்டு வளர்ந்தான் என்று யாரால் கூற முடியும்?

மின்சாதனப் பழுது பார்க்கும் கடையில் வேலை செய்யும் இளைஞர் ஒருவர் இவ்வூரில் நமக்குத் தெரிந்தவர். பழைய ஒலிபெருக்கிகளையும் டேப்ரிக்கார்டர்களையும் பிரித்துப் பழகிய கை. இரவில் கடை அடைத்தபின் தாயிராவின் ஓசையைப் பதிந்து, அதன் வேகத்தைப் பாதியாக்கி, பம்பையின் அதிர்வை அதற்கடியில் இட்டு, அதன்மேல் ஆர்மோனியத்தின் துருத்தி மூச்சை மட்டும், அதாவது சுரம் எழுமுன் வரும் காற்றொலியை மட்டும், ஓடவிடுகிறார். ஐந்து நிமிடம் கேட்டோம். இனிமை என்று கூற மாட்டோம். ஆயினும், நாம் ஐம்பது ஆண்டுகளாகக் கேட்டும் கேளாதிருந்த ஓர் ஒலியை, அந்தத் துருத்தி மூச்சை, அது நம்மைக் கேட்க வைத்தது. பெரியவர் ஒருவர் அதே ஒலிக்கோவையைக் கேட்டுவிட்டு, “பள்ளிவாசல் தெருவையும் கோயில் தெருவையும் கூத்து மேடையையும் ஒன்றாய்ப் போட்டு இடித்திருக்கிறான்” என்றார். கண்டனமாகத்தான் கூறினார். நமக்கோ அது சந்தவாசலின் சரியான வருணனையாகப் பட்டது.

‘கலப்படம்’ என்பாருக்கு முதலில் தமிழிலக்கணத்திலிருந்தே விடை கூறுவோம். தொல்காப்பியர் ஒவ்வொரு நிலத்துக்கும் உரிய கருப்பொருள்களைக் கூறும்போது, தெய்வம், உணவு, மரம், விலங்கு, பறவை என்னும் வரிசையில் பறையையும் யாழையும் வைத்தார். ஓசை நிலத்துக்குரியது, மண்ணில் முளைப்பது என்பது அவர் கருத்து. அதே ஆசிரியர், திணை மயங்குவது விலக்கப்பட்டதன்று என்றும் கூறினார். அங்கேயே நிறுத்தினாரா? இல்லை. நிலங்கள் தம்முள் மயங்குவதில்லை என்று அடுத்த அடியிலேயே வரம்பு கட்டினார். குறிஞ்சியின் ஒழுக்கம் முல்லையில் நிகழலாம். அதனால் குறிஞ்சி நிலம் முல்லை நிலமாகிவிடாது. மலையும் காடும் வயலும் சந்திக்கும் சந்தவாசல் போன்ற ஊருக்கு இதைவிடப் பொருத்தமான விதி வேறில்லை. கலக்கலாம், கலந்தபின்பும் எது எங்கிருந்து வந்தது என்பது தெரிய வேண்டும். உமறுப்புலவர் சீறாப்புராணத்தில் அரபு நாட்டை மருத வளம் பொங்கும் நாடாகப் பாடினார். அதனால் மக்கா தஞ்சாவூர் ஆகிவிடவில்லை, தமிழ் கெட்டுவிடவுமில்லை.

தூய்மை பேசுவோர் தம் மேடையையே ஒருமுறை திரும்பிப் பார்க்கட்டும். கருநாடக இசைக் கச்சேரியில் பாடகருக்கு அருகில் அமர்ந்திருக்கும் வயலின் ஐரோப்பாவிலிருந்து வந்தது. முத்துசுவாமி தீட்சிதரின் இளவல் பாலுசுவாமி தீட்சிதர் (1786-1858) ஐரோப்பியரிடம் கற்று அதனை நம் இசைக்குப் பழக்கினார். நம் இசைவாணர்களும் கூத்துக்காரர்களும் தம் சொத்தாகக் கருதும் ஆர்மோனியம் 1842-இல் பாரிசில் காப்புரிமை பெற்ற கருவி. கல்கத்தாவில் கையால் துருத்தி இயக்கும் வடிவம் பெற்று நாடெங்கும் பரவிற்று. இந்த ஆர்மோனியத்தை ‘இந்திய இசைக்கு ஒவ்வாதது’ என்று கூறி அகில இந்திய வானொலி 1940-ஆம் ஆண்டு மார்ச் முதல் நாள் தொடங்கி விலக்கி வைத்தது. 1971-இல்தான் அத்தடை தளர்ந்தது. முப்பத்தோராண்டுகள்! அதற்கு முன்னோடியாக வானொலியில் இருந்துகொண்டு ஆர்மோனியத்தைக் கண்டித்து எழுதிய ஜான் ஃபோல்ட்ஸ் ஓர் ஆங்கிலேயர். அவரே ஐரோப்பிய இசையையும் இந்திய இசையையும் கலந்து வாத்தியக் குழு நடத்திப் பார்த்தவர். கலக்கும் உரிமை தமக்கு உண்டு, கூத்துக்காரனுக்கு இல்லை! தூய்மைவாதத்தின் உள்ளீடு பல வேளைகளில் இதுதான். அந்த முப்பத்தோராண்டும் தெருக்கூத்து நின்றதா? நம் வீட்டு விழாக்களில் ஆர்மோனியம் ஒலிக்காதிருந்ததா? தடை வானொலிக்கே நட்டமாயிற்று.

இனி, ‘முறையாகக் கல்லாத பொழுதுபோக்காளன் ஓசையில் கை வைக்கலாகாது’ என்னும் வாதத்துக்கு வருவோம். இதற்குத் தமிழ்நாட்டில் தலைசிறந்த மறுப்பு தஞ்சை ஆபிரகாம் பண்டிதர். 1859-இல் தென்காசிப் பக்கத்துச் சாம்பவர் வடகரையில் பிறந்து 1919-இல் மறைந்த அவர் தொழிலால் இசைவாணர் அல்லர். ஆசிரியராய் இருந்து, பின்னர்ச் சித்த மருத்துவரானவர். மருந்தாலும் வேளாண்மையாலும் ஈட்டிய பொருளை இசையாராய்ச்சியில் இறைத்தார். 1912-இல் தஞ்சையில் சங்கீத வித்தியா மகாஜன சங்கம் கண்டு மாநாடுகள் கூட்டினார். 1917-இல் ஆயிரம் பக்கங்களுக்கு மேற்பட்ட கருணாமிர்த சாகரத்தை வெளியிட்டார்.

அவருக்குள் புகுந்த ஓசைகள் எவை என்று பாருங்கள். திண்டுக்கல்லில் ஆசிரியரை அடுத்துக் கற்ற கருநாடக இசை ஒன்று. கிறித்தவக் குடும்பத்தில் பிறந்ததால் தேவாலயத்தின் வழியே பழகிய ஐரோப்பிய இசை மற்றொன்று. 1892-இல் உ.வே. சாமிநாதையர் உரையுடன் பதிப்பித்த சிலப்பதிகாரம் வழியாக வந்த பண்டைத் தமிழிசை மூன்றாவது. இம்மூன்றும் ஒரே மூளையில் உரசியபோது எழுந்த பொறிதான் அவருடைய கொள்கை. ஒரு ஸ்தாயியில் 22 சுருதிகள் என்று சார்ங்கதேவர் வழிவந்தோர் கூற, அவர் மறுத்தார். வட்டப்பாலையின் பன்னிரண்டு வீடுகளையும் வைத்து, ஸ்தாயி 24 சம அலகாகப் பகுக்கப்பட வேண்டும் என்றார். அதாவது ஒவ்வோர் அலகும் முன்னதைவிட இரண்டின் இருபத்துநான்காம் மூலமாகிய ஏறத்தாழ 1.0293 மடங்கு உயரும். இருபத்துநான்கு முறை உயர்ந்தால் சரியாக இரு மடங்காகும். 1916-இல் பரோடாவில் கூடிய முதல் அகில இந்திய இசை மாநாட்டில் தம் புதல்வியரைப் பாடவும் வாசிக்கவும் செய்து இதனை மெய்ப்பிக்க முயன்றார்.

அதே மாநாட்டுக்கு எதிர்க் கொள்கையோடு வந்தவர்கள் யார் தெரியுமா? கிளெமெண்ட்ஸ் என்னும் ஆங்கிலேய மாவட்ட நீதிபதியும், தேவல் என்னும் ஓய்வுபெற்ற துணை ஆட்சியருங்கூடத்தான்! 22 சுருதியும் ஒலிக்கும் தனி ஆர்மோனியம் ஒன்றை இங்கிலாந்திலேயே செய்வித்துக் கொணர்ந்தனர். தேவலின் சோதனைகளுக்குத் தம் குரலைத் தந்து உதவியவர் உஸ்தாத் அப்துல் கரீம் கான். மருத்துவர் ஒருபுறம், நீதிபதியும் வருவாய் அதிகாரியும் மறுபுறம்! இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் நம் நாட்டு இசையின் அளவுகோலைப் பற்றி நடந்த பெருவாதத்தின் முன்னணியில் நின்றோருட் பலர் பொழுதுபோக்காளர்களே. தொழில்முறை வித்துவான்களுக்கு இவ்வளவு கணக்குப் போட நேரமுமில்லை, தேவையுமில்லை; அவர்கள் காது கூறியதைப் பாடிப் போயினர்.

பண்டிதரின் கொள்கை முழுதும் சரி என்று நாம் வாதிக்கவில்லை. பியானோவும் ஆர்கனும் ஸ்தாயியைப் பன்னிரண்டு சம பாகமாக்கும் கருவிகள். அந்தச் சமபாகம் அவர் காதில் முன்பே குடியேறியிருந்தது. சிலப்பதிகாரத்தின் பன்னிரு வீட்டைக் கண்டதும் அது அதனோடு ஒட்டிக்கொண்டது என்றே நாம் கருதுகிறோம். இதனை இழிவாக எண்ண வேண்டா. தேவாலய ஆர்கன் கேளாத காது அந்தப் பழைய உரையில் அக்கணக்கைக் கண்டிருக்குமா என்பது ஐயமே. கேட்டது காண உதவிற்று. கண்டதை அளவுக்கு மீறி இறுகப் பிடிக்கவும் செய்தது. ஒருவருக்குள் பல இசைகள் புகுவதால் வரும் ஆதாயமும் ஆபத்தும் ஒரே இடத்தில் இருப்பதைக் கருணாமிர்த சாகரத்தில் காணலாம்.

அரபு நூல்களோடு பழகிய நமக்கு இவ்விடத்தில் மற்றொரு மருத்துவர் நினைவு வராமல் இராது. லெபனான் மலைநாட்டில் 1800-இல் பிறந்து டமாஸ்கஸில் 1888-இல் மறைந்த மீகாயீல் மிஷாகா என்பார் ஒரு மருத்துவர், கிறித்தவர். ‘அர்ரிஸாலத்துஷ் ஷிஹாபிய்யா’ என்னும் இசை நூலை எழுதி, ஸ்தாயியை 24 சம கால்-சுரங்களாகப் பகுக்கும் முறையைக் கணக்கிட்டு விளக்கினார். தஞ்சை மருத்துவர் எழுதுவதற்கு எழுபதாண்டு முன்னரே டமாஸ்கஸ் மருத்துவர் 24 என்றார்! இருவரும் ஒருவரையொருவர் அறிந்தனர் என்று நாம் கூறவில்லை. இருவரும் தொழிலால் இசைவாணர் அல்லர் என்பதையும், இருவர் நாட்டிலும் ஐரோப்பியக் கல்வி நுழைந்துகொண்டிருந்தது என்பதையும் மட்டும் சுட்டுகிறோம். 1932-இல் கெய்ரோவில் மன்னர் ஃபுஆது கூட்டிய அரபு இசை மாநாட்டில் இந்த 24 சம பகுப்பைப் பற்றிப் பெரும் பிணக்கு மூண்டது. ஹங்கேரியின் பார்த்தோக், ஜெர்மனியின் ஹிண்டெமித் ஆகியோரும் வந்திருந்த அம்மாநாட்டிலும் முடிவு ஏற்படவில்லை.

மிஷாகாவிடம் நாம் போற்றுவது கணக்கையன்று. கிறித்தவராகிய அவர், டமாஸ்கஸ் ஷைகு முஹம்மது அல்அத்தாரைத் தம் ஆசிரியராகப் பெயர் சொல்லிக் குறிப்பிட்டு, அவர் கூறியதையும் தாம் வேறுபடுவதையும் எழுதினார். ஆபிரகாம் பண்டிதரும் தம்மை மறுத்தோர் கருத்துகளையெல்லாம் பெயருடன் எடுத்து வைத்தே வாதித்தார். இதுதான் இரண்டாம் கட்சியாராகிய இளைஞர்களுக்கு நாம் காட்ட விரும்பும் இடம்.

மதரஸாவில் கிராஅத் ஓதும் மாணவருக்குத் தெரியும், எழுத்து ஏட்டில் இருக்கிறது. ஓசை ஏட்டில் இல்லை. எந்த எழுத்தை எவ்வளவு நீட்டுவது, எங்கே மூக்கொலி, எங்கே நிறுத்தம் என்பது உஸ்தாதின் வாயிலிருந்து மாணவர் காதுக்கு, அவர் தம் உஸ்தாதிடமிருந்து என்று ஒரு ஸனதின் வழியாகவே வருகிறது. இஜாஸா தரும்போது அந்தப் பெயர்கள் அத்தனையும் எழுதித் தரப்படுகின்றன. ஹதீஸ் கலையில் மத்ன் எவ்வளவு அழகாயிருப்பினும் இஸ்னாது அறுந்திருந்தால் முஹத்திஸ்கள் தயங்குவர். ஹதீஸையும் பாட்டையும் ஒரு தட்டில் வைக்கிறோம் என்று எவரும் பொருள்கொள்ள வேண்டா. ‘யாரிடமிருந்து பெற்றாய்?’ என்று கேட்கும் பழக்கம் நம் கல்வியின் எலும்பிலேயே இருக்கிறது என்பதைத்தான் கூறுகிறோம். இப்பழக்கம் பாட்டுக்கும் சென்றது. ஹிஜ்ரி நான்காம் நூற்றாண்டில் அபுல் ஃபரஜ் இஸ்ஃபஹானீ தொகுத்த ‘கிதாபுல் அகானீ’யைப் புரட்டிப் பாருங்கள். கவிதை யாருடையது, மெட்டு யாருடையது, எந்தத் தாளம், எந்த விரலில் தொடங்கும் மெட்டு, இச்செய்தியை எமக்கு அறிவித்தவர் யார், அவருக்கு அறிவித்தவர் யார் என்று பாட்டுகளுக்குச் சங்கிலி கோத்திருக்கிறார். ஃபாராபீ தம் பெரிய இசை நூலில் தன்பூரைப் பற்றி எழுதும்போது, பக்தாதுத் தன்பூர் வேறு, குராசான் தன்பூர் வேறு என்று பிரித்து, ஒவ்வொன்றின் மெட்டுக் கட்டுகளையும் தனித்தனியே அளந்து வைத்தார்; இரண்டையும் ‘நம் தன்பூர்’ என்று உருட்டிவிடவில்லை.

சங்கிலி அறுந்தால் என்ன நேரும் என்பதற்கு அரபுலகிலும் நம் நாட்டிலும் இரு சான்றுகள் உள.

1921-இல் கெய்ரோவில் பிறந்த ஹலீம் அத்தப்உ வேளாண்மைப் பொறியியல் பயின்ற மாணவர். இசை அவருக்கு அப்போது பக்கத்து வேலை. 1944-இல் வானொலி நிலையம் ஒன்றிலிருந்து கம்பியில் ஒலிபதியும் கருவியை இரவல் வாங்கி, பேயோட்டும் ‘ஸார்’ சடங்கில் பாடும் பெண்களின் குரலைப் பதிந்தார். நாடாகூட அன்று, மெல்லிய எஃகுக் கம்பி. நிலையத்துக்குத் திரும்பி, அந்தக் குரல்களிலிருந்து அடிச்சுரத்தை நீக்கி, எதிரொலி அறையில் ஓடவிட்டு, மீண்டும் பதிந்து, கேட்பவருக்குக் குரலா காற்றா என்று தெரியாத ஓர் ஒலியை ஆக்கினார். மின்காந்தப் பதிவை இசைக்கு மூலப்பொருளாக்கிய மிகப் பழைய முயற்சிகளுள் ஒன்று இது. பாரிசில் பியேர் ஷேஃபர் இரயில் ஓசை முதலியவற்றைக் கொண்டு ஆக்கிய கோவைகள் 1948-இல்தான் ஒலிபரப்பாயின. ஆயினும் நெடுங்காலம் இசை வரலாறுகள் பாரிசிலிருந்தே தொடங்கின. அத்தப்உ பின்னர் அமெரிக்கா சென்று பேராசிரியராகப் புகழ் பெற்று 2017-இல் மறைந்தார். கெய்ரோப் பதிவின் ஒரு சிறு பகுதி 2000-ஆம் ஆண்டில்தான் குறுந்தகடாக வெளிவந்தது. ஐம்பத்தாறாண்டு தாமதம்!

இதில் மேற்கைக் கண்டித்துவிட்டு நம்மவர் ஓய்ந்துவிடுவர். நாம் ஒரு படி மேலும் கேட்போம். பாரிசு கெய்ரோவை மறந்தது அநீதி, சரி. அந்தக் கம்பியில் பாடிய பெண்கள்? அவர்கள் குரல் இல்லாமல் அந்தக் கோவை இல்லை. அவர்களின் பெயர்களை யார் எழுதி வைத்தார்? மறக்கப்பட்டவர் தாம் மறந்தவர்களையும் எண்ண வேண்டாவா?

மற்றது பம்பாயில் நடந்தது. சரஞ்ஜித் சிங் படத்துறை வாத்தியக் குழுக்களில் வாசித்தவர். ஆகவே அவரைப் பொழுதுபோக்காளர் என்பது பொருந்தாது. ஆனால் 1982-இல் அவர் செய்த ஒரு காரியம் எவர் கேட்டும் செய்ததன்று. தன் விருப்பத்துக்குச் செய்தது. ஜப்பானிலிருந்து புதிதாக வந்த ரோலண்டு மின்னிசைக் கருவிகள் மூன்றை இணைத்து, டிஸ்கோத் தாளத்தின்மேல் பத்து இந்துஸ்தானி இராகங்களை வாசித்து இசைத்தட்டாக்கினார். தட்டு விலைபோகவில்லை. 1987-இல் சிகாகோ இளைஞர் சிலர் அதே வகைக் கருவியைக் கொண்டு செய்த இசைக்கு ‘ஆசிட் ஹவுஸ்’ என்று பெயர் வந்து உலகெங்கும் பரவிற்று. 2010-இல் ஓர் ஐரோப்பியர் சரஞ்ஜித்தின் தட்டை மறுபதிப்புச் செய்தபோது, “அடடா, ஆசிட் ஹவுஸைக் கண்டுபிடித்தவர் இந்தியர்!” என்று பத்திரிகைகள் ஆர்ப்பரித்தன. நம்மவரும் சேர்ந்து மார்தட்டினர்.

இது பாராட்டா? சிகாகோவின் பிள்ளைக்குப் பம்பாயில் தகப்பன் தேடிய கதையே இது. சிகாகோ இளைஞர்கள் அத்தட்டைக் கேட்டிருந்தார்கள் என்பதற்குச் சான்றில்லை. சங்கிலியே இல்லாத இடத்தில் உறவு கொண்டாடினர். இருந்த சங்கிலியையோ எவரும் பார்க்கவில்லை. சரஞ்ஜித் தம் பத்துப் பாட்டுக்கும் தலைப்பாக வைத்தது பைரவி, லலித், யமன், மால்கவுன்ஸ் என்று இராகங்களின் பெயரையே. எதன்மேல் தாம் நிற்கிறார் என்பதைத் தட்டின் உறையிலேயே அச்சிட்டிருந்தார். தாளம் டிஸ்கோ என்பதையும் மறைக்கவில்லை. அவர் கொடுத்த இஸ்னாது கையிலேயே இருக்க, உலகம் தனக்கு வேண்டிய வேறொன்றைப் புனைந்துகொண்டது. 2015-இல் அவர் மறைந்தபோதும் அந்தச் சிகாகோப் பெயரோடுதான் இரங்கல் எழுதினர்.

ஆகவே, ‘தானாகப் பிறந்தது’ என்னும் இளைஞர்களே, உங்களிடம் ஒன்று கூறுவோம். தானாகப் பிறப்பது எதுவுமில்லை. சந்தவாசல் இளைஞரிடமும் இதனையே கூறினோம். “தாயிரா யாருடையது?” என்று கேட்டோம். “ரமளானில் வருவாரே, அவர்” என்றார். பெயர் தெரியவில்லை. பம்பை? “படவேட்டுக் கூட்டத்தில் பதிந்தது.” கூத்து ஆர்மோனியம்? “கைப்பேசியில் யாரோ அனுப்பியது.” நாலாவதாக ஓடிய ஒரு மணியோசை, செயலி ஒன்றில் ஆயத்தமாகக் கிடைத்த துண்டு. அதை யார் வாசித்தார், எந்த நாட்டில் வாசித்தார் என்பது செயலிக்கும் தெரியாது, அவருக்கும் தெரியாது. இந்த ஆயத்தத் துண்டுகளைப் பற்றி நமக்குக் கடுமையான கருத்துண்டு. கலப்பதற்கு முன் கேட்க வேண்டும். கேட்பதற்குச் செல்ல வேண்டும். சென்றால் ஒரு மனிதர் எதிரே இருப்பார். பொத்தானை அழுத்தி இறக்கியவனுக்கு எதிரே எவருமில்லை. அவன் பலவகை இசையால் உருவானவன் அல்லன். பலவகை இசையின் பண்டசாலையில் நிற்பவன்.

“பக்கீர் பெயரைச் சொல்வதால் என் ஒலி நன்றாகிவிடுமா?” என்று அவர் எதிர்க்கேள்வி கேட்டார். நல்ல கேள்வி. ஆகாது. ஆனால் பெயர் கேட்கச் சென்றால் பக்கீர் வேறு நான்கு அடிகளை வாசித்துக் காட்டுவார். தாயிராவின் தோல் மழைநாளில் ஏன் தளர்கிறது, நெருப்பில் எவ்வளவு காட்ட வேண்டும், விளிம்பில் அடித்தால் வருவது எது, நடுவில் அடித்தால் வருவது எது என்று கூறுவார். பாதி வேகத்தில் ஓட்டிக் கிடைத்த அந்தக் கனத்த ஒலியை, ஈரத் தோலில் அவர் கையாலேயே எழுப்பிக் காட்டினாலும் காட்டுவார். பெயர் கேட்பது மரியாதைக்காக மட்டுமன்று. அது அறிவின் வாயில். அவர் விடை கூறவில்லை. சிந்திக்கிறார் என்று கொண்டோம்.

பெற்றோருக்கும் ஒரு வார்த்தை. பிள்ளையின் கருவியைப் பூட்டி வைப்போரைப் பார்க்கிறோம். பூட்டுவதற்கு முன் உங்கள் அலமாரியைத் திறந்து பாருங்கள். வளைகுடாவிலிருந்தும் மலேயாவிலிருந்தும் வந்த டேப்ரிக்கார்டர்களில் எழுபது, எண்பதுகளில் நம் வீடுகளில் பதியாத ஓசையா? மௌலிது மஜ்லிஸ், திருமணத்தில் பெண்கள் பாடிய பாட்டு, பாட்டியின் தாலாட்டு, ஊருக்கு வந்த பக்கீர்கள் சொன்ன கிஸ்ஸா, வெளிநாட்டிலிருந்த தகப்பனுக்காகக் குழந்தைகள் பேசிய பேச்சு. அந்த நாடாக்களில் பூஞ்சை பிடிக்கிறது. காந்தப் பொடி உதிர்கிறது. ஓட்டிப் பார்க்கும் கருவி பல ஊர்களில் இல்லை. தூய்மை பேசும் பெரியவர்களில் எவரும் இவற்றைக் காக்க முன்வந்து நாம் பார்த்ததில்லை. பல்கலைக்கழகம் வருமென்று காத்திருப்பதும் வீண். டேப்ரிக்கார்டரைப் பிரித்து இணைக்கத் தெரிந்தவன், நாடாவைத் துடைத்து ஓட்டிக் கணினியில் ஏற்றத் தெரிந்தவன், பழைய ஒலியின்மேல் பசி உள்ளவன் நம் ஊரில் யார்? நீங்கள் கண்டிக்கும் அந்தப் பொழுதுபோக்காளன்தான்.

அவனிடம் பெட்டியைக் கொடுங்கள். கொடுப்பதற்குமுன், நினைவிருக்கும் மூத்தவரை அருகில் அமர்த்தி, ஒவ்வொரு நாடாவின் உறைமீதும் பாடியவர் பெயர், அவர் யாரிடம் கற்றார், எந்த ஊர், எந்த ஆண்டு என்பதை மையால் எழுதுங்கள். பென்சில் வேண்டா, அழிந்துவிடுகிறது.